நீதிநூல் கல்வியும் குடிமைப் பண்பும்

நீதிநூல் கல்வி என்பது பழைய அறநூல்களைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்வித்து, அவற்றின் வழியே ஒழுக்கத்தையும் பொதுவாழ்வுக்கு உரிய பண்புகளையும் வளர்க்கும் கல்விமுறை ஆகும். தமிழகத்தில் இது திண்ணைப் பள்ளிகளில் நடைபெற்றது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, உலகநீதி, வெற்றிவேற்கை ஆகிய நூல்கள் அங்குப் பாடமாக இருந்தன. கிழக்காசிய நாடுகளில் கன்பூசிய மரபு நூல்களைக் கொண்டு இதே போன்ற கல்வி பல நூற்றாண்டுகள் நடந்தது. இரண்டுக்கும் வியக்கத்தக்க ஒற்றுமைகளும் அடிப்படையான சில வேற்றுமைகளும் உண்டு. தென்காசிப் பகுதியில் பிறந்த வெற்றிவேற்கையை மையமாக வைத்து அவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

குடிமை என்னும் சொல்

இன்று குடிமை என்றால் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் நிலையையும், அதற்குரிய உரிமை, கடமைகளையும் குறிக்கிறோம். பழைய நூல்களில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. திருக்குறளின் 96ஆம் அதிகாரமான குடிமை நற்குடிப் பிறந்தாரின் இயல்பைச் சொல்கிறது. 103ஆம் அதிகாரமான குடிசெயல்வகை, தன் குடியை உயர்த்துவதற்கு ஒருவன் செய்யவேண்டிய உழைப்பைச் சொல்கிறது. குடி என்பது முதலில் குடும்பம். பிறகு அக்குடும்பம் இருக்கும் ஊர். அதற்கும் பிறகு அரசனின் ஆட்சிக்கு உட்பட்ட மக்கள்.

கன்பூசிய மரபிலும் இதே படிவரிசை உண்டு. அம்மரபின் நான்கு அடிப்படை நூல்களுள் ஒன்றான ‘பெருங்கல்வி’, தன்னைத் திருத்திக்கொள்பவனே குடும்பத்தை ஒழுங்குபடுத்த முடியும், குடும்பத்தை ஒழுங்குபடுத்தியவனே நாட்டை நடத்த முடியும், நாடு ஒழுங்காக நடந்தால்தான் உலகில் அமைதி வரும் என்று படிப்படியாக விளக்குகிறது. ஆகவே இரு மரபுகளிலும் குடிமைக் கல்வி அரசியல் சட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. வீட்டில் பெரியவர்களிடம் பேசும் முறையிலிருந்து தொடங்குகிறது.

தென்காசியும் வெற்றிவேற்கையும்

மதுரையை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் பாண்டியரின் ஆட்சி தென்காசியைச் சுற்றிய பகுதியாகச் சுருங்கிவிட்டது. தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுப்பியவர் பராக்கிரம பாண்டியர். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களை நான் வணங்குகிறேன் என்னும் பொருள்பட அவர் பொறித்து வைத்த கல்வெட்டுப் பாடல் புகழ்பெற்றது. ஓர் அரசன் தனக்குப் பின்வரும் பெயர் தெரியாத மக்களைப் பணிந்து வேண்டுவது அரிய செய்தியாகும். பொதுச்சொத்து ஒரு தலைமுறையோடு முடிவதில்லை என்ற உணர்வு அதில் இருக்கிறது.

அந்த மரபில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்காசியிலிருந்து ஆண்டவர் அதிவீரராம பாண்டியர். நைடதம், காசி காண்டம், கூர்ம புராணம் முதலிய பெருநூல்களை இயற்றிய புலவர் இவர். ஆனால் இவர் பெயரை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது சிறுவர்களுக்கான சிறிய நூலாகிய வெற்றிவேற்கைதான். நறுந்தொகை என்பது இதன் மற்றொரு பெயர்.

வெற்றிவேற்கையின் உள்ளடக்கத்தைப் பின்வருமாறு தொகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, கல்வியின் மதிப்பு. எழுத்தைக் கற்பித்தவரை இறைவனுக்கு ஒப்பாக வைத்தே நூல் தொடங்குகிறது. வறுமையில் வாடி இரந்து உண்ண நேர்ந்தாலும் கல்வியைக் கைவிடக் கூடாது என்கிறது. உயர்ந்ததாகக் கருதப்படும் குலத்தில் பிறந்தவனும் கல்லாவிட்டால் தாழ்ந்தவனே. எந்தக் குடியில் பிறந்திருந்தாலும் கற்றவனை மேலே வரவேற்பர் என்பதும் இந்நூலின் கருத்து.

இரண்டாவது, அவரவர் நிலைக்குரிய கடமை. அரசன், அமைச்சன், வணிகன், உழவன், அறிஞன், செல்வன் என ஒவ்வொருவருக்கும் எது அழகு என்று நூல் வரிசைப்படுத்துகிறது. அரசனுக்கு அழகு முடியோ படையோ அன்று, முறை தவறாத ஆட்சி. அமைச்சனுக்கு அழகு, வரப்போவதை முன்கூட்டியே எடுத்துச் சொல்வது.

மூன்றாவது, உருவத்தைக் கொண்டு மதிப்பிடக் கூடாது என்னும் அறிவுரை. பெரிய பனம்பழத்தின் விதையிலிருந்து வானுயர மரம் வளர்ந்தாலும் ஒருவர் ஒதுங்க நிழல் கிடைப்பதில்லை. மீன் முட்டையை விடச் சிறிய ஆலம் விதையோ, ஓர் அரசன் தன் முழுப் படையோடும் தங்குவதற்கு நிழல் தரும் மரமாகிறது.

நான்காவது, நீதி. வழக்கை விசாரிப்பவன் இரு தரப்பாரின் சொல்லையும் ஏழு முறையேனும் கேட்டு ஆராய்ந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அப்படிக் கேளாமல் ஒருதலையாகத் தீர்ப்பளித்தால், பாதிக்கப்பட்டவரின் கண்ணீர் கூர்மையான வாளாக மாறித் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மும்மூர்த்திகள் வந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

ஓர் அரசர் இதைத் தம் அமைச்சர்களுக்கு எழுதியிருந்தால் அது அரசியல் நூல். பிள்ளைகள் படிக்கும் எளிய நடையில் எழுதியதால், தீர்ப்புச் சொல்பவனும் தவறலாம் என்பதும் அத்தவறுக்கு அவன் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் பாடமாகிவிட்டன. குறளின் கொடுங்கோன்மை அதிகாரமும் துன்புற்ற மக்களின் கண்ணீர் அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்று சொல்வதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

திண்ணைப் பள்ளியில் நீதிநூல்

திண்ணைப் பள்ளி பெரும்பாலும் ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, ஊர்ச்சாவடியிலோ நடந்தது. பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுத்துப் பழகினர். பின்னர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எனச் சிறிய நூல்களும், எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று போன்ற கணக்குகளும் வந்தன. மேலே படித்த பிள்ளைகளுள் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து கீழ்ப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். ஆசிரியருக்கு ஊதியம் பெற்றோர் தரும் நெல்லும் காசும் பண்டிகைக் காணிக்கைகளும்தான்.

நீதிநூல்கள் அகரவரிசையிலும் மிகச் சிறிய அடிகளிலும் அமைந்ததற்குக் காரணம் இந்தச் சூழல்தான். எழுத்து வரிசையை நினைவில் கொள்ளவும், ஓசையைப் பழகவும், ஒழுக்கத்தைக் கற்கவும் ஒரே பாடம் பயன்பட்டது. ஓலை கெட்டுப்போகக் கூடியது. நினைவில் வைத்த பாடமோ கெடாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதன் பொருள் முழுதும் விளங்காது என்பது ஆசிரியருக்கும் தெரியும். இப்போது பாடமாகட்டும், வாழ்க்கையில் இடம் வரும்போது பொருள் விளங்கும் என்பதே அம்முறையின் நம்பிக்கை.

சட்டாம்பிள்ளை முறைக்கு உலக வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் காப்பகத்தில் கைக்கொண்டார். மூத்த பிள்ளைகளே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் ஏற்படுத்தினார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைகளுக்கான பள்ளிகளில் பரவியது.

திண்ணைப் பள்ளிகளின் பரப்பை அறிய நமக்குக் கிடைக்கும் முக்கியமான ஆவணம் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு நடத்திய கணக்கெடுப்பு. 1826 மார்ச் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன; அவற்றில் 1,88,650 பேர் படித்தனர். பள்ளி வயதுச் சிறுவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பள்ளியில் இருந்ததாகவும், வீட்டில் படிப்போரையும் சேர்த்தால் மூன்றில் ஒருவருக்கு நெருங்கி வரும் எனவும் அவர் மதிப்பிட்டார்.

கன்பூசிய மரபுக் கல்வி

கன்பூசியஸ் கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்தவர் என்பது மரபு. அவருடைய உரையாடல்களைச் சீடர்கள் தொகுத்த நூல் ‘லுன்யூ’. கற்பதும் கற்றதை உரிய காலத்தில் பழகுவதும் தரும் மகிழ்ச்சியைப் பேசி அந்நூல் தொடங்குகிறது. கற்பிப்பதில் மக்களிடையே வகுப்பு வேறுபாடு பார்க்கக் கூடாது என்பதும், காய்ந்த இறைச்சிக் கட்டு ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்த எவருக்கும் கற்பிக்க மறுத்ததில்லை என்பதும் அவர் கூற்றுகளாக அதில் உள்ளன.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூ சி என்னும் அறிஞர் லுன்யூ, மென்சியஸ், பெருங்கல்வி, நடுவுநிலை ஆகிய நான்கையும் உரையுடன் தொகுத்துக் கல்வியின் அடிப்படையாக்கினார். 1313இல் இவை அரசுத் தேர்வுக்குரிய நூல்களாக அறிவிக்கப்பட்டன. சிறுவர்களுக்கென்று ‘மூவெழுத்து நூல்’ இருந்தது. அடிக்கு மூன்று எழுத்துகளாக அமைந்த இந்நூல் மனித இயல்பு, கல்வி, பெற்றோர் மேல் பற்று, வரலாறு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறது. ‘ஆயிரம் எழுத்து நூல்’ ஒரே எழுத்து திரும்ப வராமல் ஆயிரம் எழுத்துகளால் ஆனது. கொரியாவின் கிராமப் பள்ளிகளான ‘சொதாங்’குகளிலும் இதுதான் தொடக்கப் பாடம்.

பாடம் ஒப்பிக்கும் முறையும் நமக்கு அந்நியமானது அன்று. சீனப் பள்ளியில் பிள்ளை புத்தகத்தை ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்று ஒப்பிக்க வேண்டும். அதனால் சீன மொழியில் மனப்பாடம் செய்வதைக் குறிக்கும் சொல்லே முதுகு என்னும் எழுத்தைக் கொண்டு அமைந்துள்ளது.

ஒற்றுமைகள்

இரு மரபுகளும் சிறிய அடிகள், ஓசை, மனப்பாடம், மூத்தோர் வணக்கம் ஆகியவற்றில் ஒத்திருக்கின்றன. இதைவிட ஆழமான ஒற்றுமை, பெயருக்கு ஏற்ற நடத்தை என்னும் கருத்து. அரசன் அரசனாகவும், அமைச்சன் அமைச்சனாகவும், தந்தை தந்தையாகவும், மகன் மகனாகவும் நடந்துகொள்வதே நல்லாட்சி என்று கன்பூசியஸ் விடை சொன்னதாக லுன்யூ கூறுகிறது. வெற்றிவேற்கை ஒவ்வொரு நிலைக்கும் எது அழகு என்று வரிசைப்படுத்துவதும் இதே சிந்தனைதான். பதவி என்பது உரிமைப் பட்டயம் அன்று. செய்து காட்டினால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

ஆட்சியாளரைக் கண்டிக்கும் குரலும் இரு மரபுகளிலும் உண்டு. கன்பூசிய மரபின் இரண்டாவது பேராசிரியரான மென்சியஸ், மக்களே முதன்மையானவர், அரசன் அவர்களுக்குப் பின்னரே என்று எழுதினார். குறள் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தது.

வேற்றுமை: தேர்வும் பதவியும்

சீனாவில் இந்நூல்களைக் கற்றவர்கள் அரசுத் தேர்வு எழுதினர். மாவட்டம், மாகாணம், தலைநகர் எனப் பல படிகளைக் கடந்தவர்கள் அரசு அதிகாரிகளாயினர். ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் நடந்த இத்தேர்வு 1905இல் நிறுத்தப்பட்டது. கொரியாவில் 1894இலும் வியட்நாமில் 1919இலும் முடிவுக்கு வந்தது. உழவர் மகனும் தேர்வில் வென்று அமைச்சராகலாம் என்ற நம்பிக்கை அந்நாடுகளில் கல்விக்குப் பெரும் மதிப்பைத் தந்தது. அதே வேளையில் நூலின் பொருளைவிடத் தேர்வுக்குரிய எட்டுப்பகுதிக் கட்டுரையின் வடிவமே முக்கியமாகிவிட்டது என்ற குறையையும் அங்கிருந்த அறிஞர்களே சுட்டிக்காட்டினர்.

தமிழகத்தில் ஆத்திசூடிக்கோ வெற்றிவேற்கைக்கோ அரசு நடத்திய தேர்வு இல்லை. அவற்றைப் படித்ததால் பதவி கிடைக்கவும் இல்லை. பிழைப்புக்குக் கணக்கு உதவியது, நடத்தைக்கு நீதிநூல் உதவியது. எனவே சீன முறை அரசுக்கு ஊழியரை உருவாக்கியது என்றால், திண்ணைப் பள்ளி ஊருக்கு ஆளை உருவாக்கியது எனலாம். கடன் பத்திரம் எழுதவும், நிலத்தை அளக்கவும், பஞ்சாயத்தில் நாலு பேர் நடுவே நிதானமாகப் பேசவும் தெரிந்தவனே அப்பள்ளியின் விளைச்சல். நீதிநூல் அடிகள் பழமொழிகளைப் போல எழுதப்படிக்கத் தெரியாதவர் வாயிலும் வழங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசின் கையில் நீதிநூல்

நீதிநூலை அரசு கையில் எடுக்கும்போது அது குடிமைப் பண்பை வளர்க்கவும் கூடும், கீழ்ப்படிதலை மட்டும் வளர்க்கவும் கூடும். இதற்கு வரலாற்றில் தெளிவான சான்றுகள் உள்ளன.

சீனாவின் மிங் மரபைத் தோற்றுவித்த ஹோங்வு பேரரசர், அரசனைவிட மக்களை உயர்த்திப் பேசும் மென்சியஸின் பகுதிகளைக் கண்டு சினந்தார். 1394இல் அந்நூலிலிருந்து 85 பகுதிகளை நீக்கிச் சுருக்கப்பதிப்பு வெளியிடச் செய்தார். நூலின் பெயர் அப்படியே இருந்தது; அதன் முள் மட்டும் எடுக்கப்பட்டது.

காங்சி பேரரசர் 1670இல் 16 கட்டளைகள் கொண்ட ‘புனித ஆணை’யை வெளியிட்டார். பெற்றோரைப் பேணுதல், அண்டை வீட்டாரோடு இணங்கி வாழ்தல், பள்ளிகளை வளர்த்தல் ஆகியவற்றோடு வரியை ஒழுங்காகச் செலுத்துதலும் அதில் அடக்கம். மாதத்தின் முதல் நாளிலும் 15ஆம் நாளிலும் மக்களைக் கூட்டி இது விளக்கப்பட்டது.

ஜப்பானில் 1890 அக்டோபர் 30இல் பேரரசரின் கல்வி ஆணை வெளியானது. பெற்றோர் மேல் பற்று, உடன்பிறந்தாரிடம் அன்பு முதலிய கன்பூசியப் பண்புகளைச் சொல்லிவிட்டு, நெருக்கடி நேரத்தில் அரச குடும்பத்துக்காகத் தன்னை ஒப்படைக்க வேண்டும் என்று அது முடித்தது. பள்ளிகளில் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948இல் ஜப்பானிய நாடாளுமன்றம் இதைச் செல்லாததாக்கியது.

நம் பகுதியிலும் கல்வியையும் குடிமையையும் இணைத்த அரசாணை ஒன்று உண்டு. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டின் அரசி கௌரி பார்வதி பாய் 1817இல் வெளியிட்ட ஆணை, மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றது. கல்வி பரவினால் மக்கள் மேலும் நல்ல குடிகளாகவும் நல்ல அரசு ஊழியர்களாகவும் ஆவார்கள், நாட்டின் பெயரும் உயரும் என்பது அது சொன்ன காரணம். ஓர் அரசு தன் செலவில் கல்வி தரவேண்டும் என்று இவ்வளவு முன்பாகவே சொன்னது பெருமைக்குரியது. ஆயினும் அதில் மக்கள் என்பது ஆளப்படும் குடிகளே. ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்கள் அல்லர். அந்த நிலைக்கு வர மேலும் 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருவிதாங்கூர் காலத்துத் தோரணவாயில் இன்றும் ஊரில் நிற்கிறது.

திண்ணையில் இடம் இல்லாதவர்கள்

பழைய கல்வியைப் போற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. மன்றோ கணக்கெடுப்பில் இருந்த 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் ஏற இடமில்லை. எந்தக் குடியில் பிறந்தாலும் கற்றவனை மேலே வரச் சொல்லும் பாடத்தை, கீழே தெருவில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் காதில் விழ மற்றவர்கள் ஒப்பித்தனர். சீனாவிலும் பெண்களுக்குத் தேர்வு எழுத உரிமையில்லை. நடிகர் முதலான சில தொழிற்குடிகளின் பிள்ளைகளும் விலக்கப்பட்டிருந்தனர்.

தண்டனையும் கடுமையாகவே இருந்தது. கோதண்டத்தில் தொங்கவிடுதல், குரங்குக் கட்டை பூட்டுதல் ஆகியன பள்ளி வழக்கங்கள். பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கையில் ஒரு வழக்கம் கூறப்படுகிறது. முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவர். இரண்டாவதாக வருபவன் கையில் சுழியம் இடுவர். மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு அடி என்று ஏறிக்கொண்டே போகும். காலந்தவறாமையை இம்முறை கற்பித்திருக்கும். கூடவே அச்சத்தையும் கற்பித்தது.

மறுவாசிப்பும் மாற்று நூலும்

விலக்கப்பட்டவர்கள் நீதிநூல்களை வெறுத்து ஒதுக்கிவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் பின்னர் ‘தமிழன்’ என வழங்கியது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய ஔவையார் நூல்களுக்குப் பௌத்த நோக்கில் அவர் புதிய உரை கண்டார். இந்நூல்கள் எங்கள் முன்னோருக்கும் உரியவை என்று உரிமை கோரிய செயலாக அதைக் கொள்ளலாம். கர்னல் ஆல்காட் 1894இல் சென்னை அடையாறுப் பகுதியில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்ததும் இக்காலத்தை ஒட்டியதே.

பாரதியார் வேறு வழியில் சென்றார். ஆத்திசூடியின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு புதிய ஆத்திசூடி எழுதினார். ஔவையார் அறம் செய்யும் விருப்பத்திலிருந்து தொடங்க, பாரதியார் அச்சத்தை விடுவதிலிருந்து தொடங்கினார். சினம் தணிய வேண்டியது என்ற பழைய பாடத்துக்கு எதிரே, அநீதி கண்டு சினம் கொள்ளவும் பிள்ளைகள் பழக வேண்டும் என்றார். நல்ல பிள்ளை என்பதிலிருந்து உரிமை கேட்கும் குடிமகன் என்பதற்கு நீதிநூல் நகர்ந்ததை இந்த இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் காணலாம். அவர் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையம் தென்காசிக்கு அருகில்தான் உள்ளது.

அச்சு வந்த பிறகு நீதிநூல்கள் ஓலையிலிருந்து பாடப்புத்தகத்துக்கு மாறின. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாலபாடங்களை எழுதியதோடு, ஔவையார் நூல்களையும் உரையுடன் அச்சிட்டார். மனப்பாடத்துடன் பொருள் விளக்கமும் பிள்ளைக்குக் கிடைக்கத் தொடங்கியது.

சிங்கப்பூர் அனுபவம்

கன்பூசியக் கல்வியும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் சந்தித்த இடம் சிங்கப்பூர். 1982இல் கல்வி அமைச்சர் கோ கெங் சுவீ உயர்நிலைப் பள்ளிகளில் சமய அறிவுப் பாடம் வரப்போவதை அறிவித்தார். 1984 முதல் இப்பாடம் கட்டாயமானது. பைபிள் அறிவு, பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம் ஆகியவற்றோடு கன்பூசிய அறநெறியும் ஒரு விருப்பப் பாடமாக வைக்கப்பட்டது. அதற்கான பாடத்திட்டத்தை அமைக்க வெளிநாட்டு அறிஞர்கள் அழைக்கப்பட்டனர்.

நல்ல குடிமக்களை உருவாக்கவே இத்திட்டம் தொடங்கியது. ஆனால் சமய வேறுபாட்டு உணர்வு கூர்மையாகிறது என்ற கவலை எழுந்ததால், கட்டாயப் பாடம் என்ற நிலை 1990இல் முடிவுக்கு வந்தது. பின்னர் அனைவருக்கும் பொதுவான குடிமை, ஒழுக்கக் கல்வி பாடம் கொண்டுவரப்பட்டது. 1991இல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பம், சமூக நலன், இன சமய நல்லிணக்கம் முதலான ஐந்து பொது விழுமியங்களை முன்வைத்தது. பெரும்பான்மையினரின் கன்பூசியக் கருத்தையே வேறு பெயரில் சிறுபான்மையினர் மேல் ஏற்றுவதாகுமோ என்ற ஐயத்துக்கும் அவ்வறிக்கை விடை கூற வேண்டியிருந்தது. பல இனங்கள் வாழும் நாட்டில் ஒரு மரபின் நூலை மட்டும் குடிமைப் பாடமாக்குவதன் சிக்கலை இந்நிகழ்வு காட்டுகிறது.

இன்றைய பள்ளியில்

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016இல் அளித்த தீர்ப்பு, 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் அதிகாரங்களைக் கற்பிக்க வழிசெய்யுமாறு கூறியது. நீதிநூல் வழிக் குடிமைக் கல்வி பழங்கதை ஆகிவிடவில்லை என்பதற்கு இது சான்று. இன்னொரு பக்கம், நமது அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 முதல் உரிமைகளைத் தந்துள்ளது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தின் மூலம் அடிப்படைக் கடமைகளையும் சேர்த்துள்ளது. இன்றைய பிள்ளை இரண்டையும் படிக்கிறது.

நீதிநூல் கல்வி குடிமைப் பண்பை உண்மையில் வளர்க்கிறதா என்பதை அறிய, மேலே கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. பாடம் நடக்கும் இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான இடம் உண்டா? இல்லையென்றால் பாடமே பொய்யாகிறது.

2. நூலிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்பவர் யார்? பெரியோரை வணங்குவதைச் சொல்லும் அடிகள் மட்டும் சுவரில் எழுதப்பட்டு, கொடுங்கோன்மையைக் கண்டிக்கும் அடிகள் விடப்பட்டால், அது ஹோங்வு பேரரசர் செய்த வேலைதான்.

3. மனப்பாடம் ஆன அடியின் மேல் பிள்ளை கேள்வி கேட்கலாமா? கேட்கலாம் என்றால் நூல் வாழ்கிறது. கூடாது என்றால் அது ஒப்பிக்கும் பயிற்சியாக நின்றுவிடுகிறது.

மனப்பாடத்தை அடியோடு தள்ளவும் வேண்டியதில்லை. வகுப்பில் இரு பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டு ஆசிரியரிடம் வரும்போது, முதலில் அழுதுகொண்டு வந்தவன் பக்கம் சாய்வது எளிது. அந்த நேரத்தில் இரு தரப்பையும் ஏழு முறை கேட்கச் சொன்ன வெற்றிவேற்கைப் பாடம் ஆசிரியருக்கு நினைவு வந்து, அவர் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டால், வகுப்பில் உள்ள மற்ற பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளை அவர்களுள் ஒருவர் ஊராட்சித் தலைவராகவோ காவல் அதிகாரியாகவோ நீதிபதியாகவோ வரும்போது நினைவுக்கு வரப்போவது பாடலடி மட்டும் அன்று. அன்று வகுப்பில் அது கடைப்பிடிக்கப்பட்ட விதமும்தான். பெயருக்கு ஏற்ற நடத்தை வேண்டும் என்று கன்பூசியஸும் அதிவீரராம பாண்டியரும் சொன்னது ஆசிரியர் என்னும் பெயருக்கும் பொருந்தும்.